யார் என்பதும் எங்கே என்பதும்

கோலாலம்பூரின் மஸ்ஜித் ஜமேக் எல்ஆர்டி நிலையத்தில் தெற்கு நோக்கிய நடைமேடையில் நிற்பவர் அம்பாங் போக வேண்டுமென்றால், முதலில் வந்து நிற்கும் ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு ஏறிவிட முடியாது. செந்தூல் தீமோரிலிருந்து சான் சோ லின் வரை அம்பாங் தடத்துக்கும் ஸ்ரீ பெட்டாலிங் தடத்துக்கும் தண்டவாளம் ஒன்றுதான். சான் சோ லின்னைத் தாண்டிய பிறகுதான் ஒரு ரயில் மிஹார்ஜா, மலூரி வழியாக அம்பாங்குக்கும், இன்னொன்று புத்ரா ஹைட்ஸுக்கும் பிரிகிறது. ஆகவே பயணியின் மனத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இது எந்த நிலையம்? இது எந்த ரயில்? முதல் கேள்விக்கு விடை சுவரில் இருக்கிறது. அது இடத்தோடு ஒட்டியது, ரயில் கிளம்பிய மறுகணம் பயணிக்குப் பொருந்தாமல் போய்விடும். இரண்டாவது கேள்விக்கு விடை ரயிலின் நெற்றியில் இருக்கிறது. அது ரயிலோடு கூடவே பயணம் செய்யும். எந்த நிலையத்தில் கேட்டாலும் அம்பாங் ரயில் அம்பாங் ரயில்தான். நம் கைப்பேசியின் இயங்குதளம் வினாடிக்கு எத்தனையோ ஆயிரம் முறை தனக்குள் கேட்டுக்கொள்ளும் இரண்டு கேள்விகளும் இவையேதான். அவற்றில் எதை முதலில் கேட்க வேண்டும், விடையை எங்கே எழுதி வைக்க வேண்டும் என்பதில் கணினி வல்லுநர்கள் ஐம்பது ஆண்டுகளாகப் பல வழிகளை முயன்றிருக்கிறார்கள். ‘யார்’ என்பதே உறுதியான விடை, ‘எங்கே’ என்பது கேட்டு முடிப்பதற்குள் பழசாகிவிடக்கூடியது என்பதை அந்த முயற்சிகளின் வரலாறே காட்டுகிறது.

இயங்குதளத்தின் நடுக்கூறான கெர்னலுக்கு இந்தக் கேள்வி ஏன் எழ வேண்டும்? கெர்னல் என்பது எல்லா நிரல்களுக்கும் பொதுவான ஒரே நிரல்தொகுப்பு. ஒரு செயலி கோப்பைத் திறக்கக் கேட்டால், பிராசசர் அந்தச் செயலியின் வரிகளை விட்டுவிட்டு கெர்னலின் வரிகளுக்குள் நுழைகிறது. அப்போது கெர்னலுக்குள் ஓடுவது வேறு யாருமல்ல, கேட்ட அதே செயலிதான். உடையும் அதிகாரமும் மட்டும் மாறியிருக்கின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பயனர் எண் உண்டு. வங்கிச் செயலியின் கோப்பைப் பாட்டுச் செயலி திறக்கப் பார்த்தால் கெர்னல் மறுத்துவிடும். அந்த மறுப்புக்கு அடிப்படை, “இப்போது என்னை ஓட்டிக்கொண்டிருப்பவர் யார்?” என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடைதான். விடை ஒரே ஒருமுறை தவறினாலும் ஒருவருடைய அனுமதியில் இன்னொருவருடைய பெட்டி திறந்துவிடும். நினைவகத்தின் எந்தப் பக்கம் யாருக்குச் சொந்தம், பிராசசர் நேரத்தை யார் கணக்கில் எழுதுவது, தவறு நேர்ந்தால் எந்த நிரலை நிறுத்துவது, எல்லாமே இந்த விடையைத்தான் நம்பியிருக்கின்றன.

‘யார்’ என்பதிலும் இரண்டு படி உண்டு. பிராசஸ் என்பது ஒரு வீடு போல: நினைவகம், திறந்த கோப்புகள், அனுமதிகள் எல்லாம் வீட்டுக்குப் பொதுவானவை. திரெட் எனப்படும் இழை, அந்த வீட்டில் தனித்தனியாக வேலை பார்க்கும் ஆள். பிராசசரில் ஏறி ஓடுவது எப்போதும் ஆள்தான், வீடு அல்ல. ஆண்ட்ராய்டுக்கும் கெர்னலாக இருக்கும் லினக்ஸ் இதை நேராகவே எடுத்துக்கொண்டது: ஒவ்வோர் இழைக்கும் தனிப் பதிவேடு ஒன்று கெர்னலில் இருக்கும், வீட்டைப் பற்றிய தகவல்களுக்கு அந்தப் பதிவேட்டிலிருந்து சுட்டிகள் போகும். வெளியில் நாம் பிராசஸ் எண் என்று பார்ப்பது லினக்ஸுக்குள் ஓர் இழைக்கூட்டத்தின் எண். கெர்னல் தன் வழக்கில் எண் என்று சொல்வது தனி இழையின் எண். ஆகவே இழையைக் கண்டுபிடித்துவிட்டால் பிராசஸ் தானாகக் கிடைத்துவிடும். இனி மிஞ்சுவது இழை, அது ஓடும் பிராசசர் ஆகிய இரண்டும்தான்.

கணினியில் ஒரே ஒரு பிராசசர் இருந்த காலத்தில் இது சிக்கலே இல்லை. “இப்போது ஓடுபவர்” என்று நினைவகத்தில் ஓரிடத்தில் எழுதி வைத்து, ஆள் மாறும்போது அதை மாற்றினால் போதும். 1975-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பு இதை இன்னும் அழகாகச் செய்தது: ஓடும் பிராசஸின் தகவல்கள் எப்போதும் ஒரே முகவரியில் தெரியும், பிராசஸ் மாறும்போது அந்த முகவரிக்குப் பின்னால் இருக்கும் உண்மையான நினைவகத்தையே மாற்றிவிடுவார்கள். முகவரி மாறாது, அங்கே இருப்பவர் மாறுவார். பிராசசர்கள் பெருகியபோது இந்த எளிமை போயிற்று. லினக்ஸ் பல பிராசசர்களில் ஓடத் தொடங்கியது 1996 ஜூனில் வந்த 2.0 பதிப்பில். பிராசசர்களைத் தயாரிக்கும் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்கூடத்தை 1972-இல் மலேசியாவின் பினாங்கில் தொடங்கியது. பழைய மேசைக்கணினி ஒன்றைத் திறந்து, பிராசசரின் உலோக மூடியில் காய்ந்திருக்கும் வெப்பப்பசையைத் துடைத்தால், பலவற்றில் மலாய் என்ற எழுத்துகள் பொறித்திருக்கும். தான் எங்கே செய்யப்பட்டோம் என்று மூடியிலேயே சொல்லிக்கொள்ளும் அந்தச் சில்லுக்குள், கோர் எனப்படும் தனித்தனிப் பிராசசர்கள் இன்று நான்கு, எட்டு, பதினாறு என்று இருக்கின்றன. உள்ளே ஓடும் நிரலுக்கோ, தான் அவற்றில் எந்தக் கோரில் இருக்கிறோம் என்பது தானாகத் தெரியாது.

தெரியாததற்குக் காரணம் எல்லாமே பொதுவாக இருப்பதுதான். எட்டு கோர்களும் கெர்னலின் அதே வரிகளை, அதே நினைவகத்தில், அதே முகவரியில் படிக்கின்றன. “இப்போது ஓடுபவர்” என்று ஒரே இடத்தில் எழுதி வைத்தால், எட்டுப் பேரும் ஒருவர் எழுதியதன் மேல் இன்னொருவர் எழுதுவார்கள். எட்டு இடம் ஒதுக்கலாமே என்றால், என் இடம் எது என்று கண்டுபிடிக்க நான் எத்தனையாவது கோர் என்று தெரிய வேண்டும். கேள்வி தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. பொதுவான நினைவகத்தை எவ்வளவு துருவினாலும், நான் மற்றவரிடமிருந்து வேறுபட்டவன் என்பதற்கான தடயம் அதில் கிடைக்காது. ஆகவே விடையின் வேர், பகிர்ந்துகொள்ளப்படாத ஏதோ ஒன்றில்தான் இருக்க முடியும். ஒரு கோருக்குள் அப்படித் தனக்கே உரியதாக இருப்பவை அதன் ரெஜிஸ்டர்கள். கணக்குப் போடும்போது எண்களைப் பிடித்து வைக்கும் அந்தச் சில பத்துச் சிறு அறைகளை வேறெந்தக் கோரும் தொட முடியாது.

வன்பொருளிடமே நேராகக் கேட்டுவிடக் கூடாதா? கேட்கலாம். இன்டெல் பிராசசர்களில் ஒவ்வொரு கோரிலும், ஓடும் வேலையை இடைநிறுத்தி வரும் அழைப்புகளான குறுக்கீடுகளைக் கையாளும் ஒரு பகுதி இருக்கிறது. எல்லாக் கோர்களும் அதை ஒரே முகவரியில் படித்தாலும், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது தன் சொந்த எண்தான். ஆனால் சாதாரண நினைவகத்தைப் படிப்பதைவிட அது மெதுவானது. கணத்துக்குக் கணம் எழும் கேள்விக்கு ஒவ்வொரு முறையும் அங்கே போக முடியாது. ரிஸ்க்-ஃபைவ் வடிவமைப்பு இன்னும் கண்டிப்பானது. 2010-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இந்தத் திறந்த வடிவமைப்பில்தான், சென்னை ஐஐடியில் பேராசிரியர் வி. காமகோடியின் தலைமையில் சக்தி பிராசசர்கள் உருவாயின. 2018-இல் அவற்றில் ஒன்றில் லினக்ஸ் ஓடியது. ரிஸ்க்-ஃபைவில் கோரின் எண்ணைத் தாங்கும் ரெஜிஸ்டர் உண்டு. ஆனால் அதைப் படிக்கும் உரிமை மிக உயர்ந்த அதிகார நிலையில் ஓடும் அடிப்படை மென்பொருளுக்கு மட்டுமே. அதற்கு ஒரு படி கீழே ஓடும் லினக்ஸ் கெர்னலால் தன் கோரின் எண்ணைக்கூடப் படிக்க முடியாது. கணினி விழிக்கும்போது அந்த அடிப்படை மென்பொருள் எண்ணைக் கெர்னலின் கையில் ஒருமுறை கொடுக்கும். அதைத் தொலைக்காமல் வைத்துக்கொள்வது கெர்னலின் பொறுப்பு.

எங்கே வைத்துக்கொள்வது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. ரிஸ்க்-ஃபைவில் டிபி என்றொரு ரெஜிஸ்டர் இருக்கிறது. எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குக் கற்பிக்க எழுதப்பட்ட எக்ஸ்வி6 என்ற சிறிய இயங்குதளமும் லினக்ஸும் இதே ரெஜிஸ்டரைத்தான் பயன்படுத்துகின்றன, ஆனால் நேர் எதிரான முறையில். எக்ஸ்வி6 அதில் கோரின் எண்ணை வைக்கிறது. அந்த எண்ணைக் கொண்டு கோரின் பதிவேட்டை எடுத்து, அதில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து, ஓடுபவரைக் கண்டுபிடிக்கிறது: முதலில் எங்கே, பிறகு யார். லினக்ஸ் டிபியில் ஓடும் இழையின் பதிவேட்டு முகவரியை வைக்கிறது. கோர் எண் வேண்டுமானால் அந்தப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளும்: முதலில் யார், பிறகு எங்கே. இந்த வேறுபாட்டைக் கண்ணால் காண ஓர் இடம் உண்டு. எக்ஸ்வி6-இல், கெர்னல் ஓடிக்கொண்டிருக்கும்போது குறுக்கீடு வந்தால், அப்போதிருந்த ரெஜிஸ்டர்களை, அடுக்கு எனப்படும் இழையின் தற்காலிக நினைவகத்தில் எழுதி வைத்து, வேலை முடிந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துப் போடும் வரிகள் இருக்கின்றன. திரும்பப் போடும்போது டிபி மட்டும் விடுபட்டிருக்கும். இடையில் இந்த இழை வேறு கோருக்கு மாறியிருக்கலாம், அப்படியானால் பழைய எண் பொய்யாகிவிடும் என்பதற்காக வேண்டுமென்றே விடப்பட்ட இடம் அது. லினக்ஸிலோ, இழை மாறும்போதெல்லாம் டிபியும் கூடவே மாறும். ஒன்றில் அது நிலையத்தின் சுவர்ப் பலகை; மற்றதில் ரயிலின் நெற்றிப் பலகை.

சுவர்ப் பலகையை நம்பினால் என்ன ஆகும் என்பதை மெதுவாகப் பார்க்கலாம். எக்ஸ்வி6 “யார்” என்று கேட்கும்போது மூன்று படிகள் நடக்கின்றன: கோர் எண்ணைப் படிப்பது, அந்தக் கோரின் பதிவேடு நினைவகத்தில் எங்கே என்று கணக்கிடுவது, அதில் எழுதியிருப்பவரைப் படிப்பது. மூன்றாம் கோரில் ஓடும் ஓர் இழை முதல் படியை முடித்து, ‘மூன்று’ என்று கையில் வைத்திருக்கிறது. அந்த நொடியில் கடிகாரக் குறுக்கீடு வந்து, இழை ஓரம்கட்டப்பட்டு, சற்று நேரத்தில் ஐந்தாம் கோரில் மறுபடி ஓடத் தொடங்குகிறது. கையில் இன்னும் ‘மூன்று’. மூன்றாம் கோரின் பதிவேட்டைத் திறக்கிறது. அங்கே இப்போது இன்னொருவரின் பெயர். தன்னை அவராகவே எண்ணிக்கொண்டு அவருடைய அனுமதியில் வேலையைத் தொடர்கிறது. இதைத் தடுக்க எக்ஸ்வி6 மூன்று படிகளும் முடியும்வரை குறுக்கீடுகளை அடைத்துவிடுகிறது. நான் யார் என்று கேட்பதற்குக்கூட வீட்டுக் கதவைத் தாழிட வேண்டியிருக்கிறது. லினக்ஸின் ரிஸ்க்-ஃபைவ் வழியில் தாழ் வேண்டியதில்லை. எந்தக் கோருக்கு மாறினாலும் இழை தன் டிபியைத் தன்னோடு எடுத்துக்கொண்டே போவதால், விடை எப்போது படித்தாலும் சரியாகவே இருக்கும்.

கோர் எண் இப்படிப் பழசாவது கற்பனை ஆபத்து அல்ல என்பதற்கு லினக்ஸிலேயே சான்று இருக்கிறது. இழை எந்நேரமும் கோர் மாறக்கூடிய ஓரிடத்தில் நின்றுகொண்டு யாராவது கோர் எண்ணைக் கேட்டால், சோதனைக்காகக் கட்டமைத்த லினக்ஸ் கெர்னல் அதைப் பிழை என்றே தன் செய்திப் பதிவில் அறிவித்துவிடும். சரியாகக் கேட்க வேண்டுமானால் முதலில் “என்னை இங்கிருந்து அசைக்காதே” என்று சொல்லிவிட்டு எண்ணை எடுத்து, வேலை முடிந்ததும் “இனி அசைக்கலாம்” என்று சொல்ல வேண்டும். “ஓடுபவர் யார்” என்ற கேள்விக்கு இப்படியோர் எச்சரிக்கை லினக்ஸில் இல்லை, தேவைப்படவும் இல்லை. கேட்பவரும் கேட்கப்படுபவரும் ஒருவரே. இழை நிறுத்தப்பட்டால் கேள்வியும் அதோடு சேர்ந்து நிற்கும். இழை எழுந்தால் கேள்வியும் எழும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி இல்லாததால், விடை பொய்யாக வழியே இல்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இன்டெல் பிராசசர்களின் வடிவமைப்பான எக்ஸ்86-இல், உலகின் கோடிக்கணக்கான கணினிகளில் ஓடும் லினக்ஸ், இடத்தை முதலில் வைக்கும் வழியையே பின்பற்றுகிறது. ஜிஎஸ் என்ற ரெஜிஸ்டர் அந்தந்தக் கோரின் தனி நினைவகப் பகுதியைச் சுட்டுகிறது. ஓடும் இழையின் பெயர் அந்தப் பகுதிக்குள் இருக்கிறது. தாழ்ப்பாள் எதுவும் இல்லாமலேயே அது நன்றாக ஓடுகிறதே என்று கேட்கலாம். ஓடுகிறது, காரணம், ஜிஎஸ்ஸை அடிப்படையாகக் கொண்டு முகவரியைக் கணக்கிட்டு உள்ளதைப் படிப்பது அங்கே ஒரே கட்டளையில் முடிந்துவிடுகிறது. குறுக்கீடு இரண்டு கட்டளைகளுக்கு நடுவில்தான் நுழையும், ஒரு கட்டளையின் வயிற்றுக்குள் நுழையாது. எக்ஸ்வி6-இன் மூன்று படிகளுக்கு நடுவே இருந்த ஓட்டைகளை எக்ஸ்86 ஒரே படியாக்கி அடைத்துவிட்டது. அப்படிக் கையில் கிடைப்பது யார் என்ற விடை. அதற்குப் பின் இழை எங்கே போனாலும் அது செல்லுபடியாகும். ஆகவே எக்ஸ்86 என் வாதத்தை மறுக்கவில்லை. இடத்தின் வழியாக ஆளைத் தேடினால் நடுவே சிறு இடைவெளியும் இருக்கக் கூடாது என்பதை அதுவே மெய்ப்பிக்கிறது. இடத்துக்கும் தனிப் பயன் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஒவ்வொரு கோரும் தனக்கென எண்ணிக்கைகளும் காலி நினைவகப் பட்டியலும் வைத்துக்கொண்டால், மற்றக் கோர்களோடு முட்டிமோதாமல் வேலை விரைவாக நடக்கும். நம் கைப்பேசிகளில் பெரும்பாலானவற்றில் இருக்கும் ஆர்ம் பிராசசர்களின் 64-பிட் லினக்ஸ் இரண்டுக்கும் தனித்தனி ரெஜிஸ்டர் ஒதுக்கிவிட்டது: ஒன்று இழைக்கு, ஒன்று கோருக்கு. இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பதை இதைவிடத் தெளிவாக ஒப்புக்கொள்ள முடியாது.

இரண்டாவது மறுப்பு சிக்கனம் சார்ந்தது. ரெஜிஸ்டர்கள் விலைமதிப்பற்றவை, ஒன்றை நிரந்தரமாகப் பெயர்ப்பலகைக்கு ஒதுக்குவது வீண் அல்லவா? ஒவ்வோர் இழைக்கும் கெர்னலில் தனி அடுக்கு உண்டு. அந்த அடுக்கின் உச்சியைச் சுட்டும் ரெஜிஸ்டர் எப்படியும் இருக்கிறது. பழைய எக்ஸ்86 லினக்ஸ் இதைத் திறமையாகப் பயன்படுத்திக்கொண்டது. அடுக்கின் அளவு 8192 பைட். அது 8192-இன் மடங்கான முகவரியில்தான் தொடங்கும். ஆகவே அடுக்கின் எந்த நடுப்பகுதியில் நின்றாலும், முகவரியின் கடைசி 13 பிட்டுகளைச் சுழியமாக்கினால் அடிவாரம் கிடைத்துவிடும். அங்கே இழையின் பதிவேடு இருக்கும். இந்த வழி அழகானதுதான். ஆனால் அடுக்கு தன் எல்லையை மீறி வழிந்தால் முதலில் அழிவது அடிவாரத்தில் இருக்கும் அந்தப் பெயர்தான். பெயரை மாற்றி எழுத விரும்பும் தாக்குபவருக்கு அது வசதியான குறி. தனி அடுக்கில் ஓடும் குறுக்கீட்டு வேலைகளுக்கு இந்தக் கணக்கு நேராகப் பொருந்துவதும் இல்லை. 2016-இல் வந்த லினக்ஸ் 4.9, எக்ஸ்86-இல் அடிவாரத்தில் எஞ்சியிருந்த தகவலை அடுக்கை விட்டு வெளியேற்றி இழையின் பதிவேட்டுக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்த்தது. சிக்கனம் பார்த்து எடுத்த வழி, பாதுகாப்புக் கணக்கில் செலவாக முடிந்தது.

மூன்றாவது கேள்வி எல்லையைப் பற்றியது. டிபி ரெஜிஸ்டரைச் சாதாரண நிரல்களும் தங்கள் விருப்பப்படி மாற்றலாம். அப்படியிருக்க கெர்னல் அதை எப்படி நம்பும்? நுழையும் வாசலில் மாற்றிக்கொள்வதுதான் வழி. ரிஸ்க்-ஃபைவில் எஸ்ஸ்கிராட்ச் என்ற இன்னொரு ரெஜிஸ்டர் உண்டு. சாதாரண நிரலால் அதைத் தொட முடியாது. நிரல் வெளியே ஓடும்போது லினக்ஸ் இழையின் உண்மையான முகவரியை அதில் வைத்திருக்கும்; கெர்னலுக்குள் ஓடும்போது அதில் சுழியம் இருக்கும். வாசலில் முதல் கட்டளையே இரண்டையும் இடம் மாற்றுவதுதான். மாற்றிய பின் டிபியில் சுழியம் வந்தால், வெளியிலிருந்து யாரும் வரவில்லை, கெர்னலே இடையில் குறுக்கிடப்பட்டிருக்கிறது என்று பொருள். மாற்றியதை மறுபடி எடுத்துக்கொள்ள வேண்டும். சுழியம் இல்லாவிட்டால் வெளியிலிருந்து வந்தவர். கையில் இருப்பது அவருடைய நம்பத்தக்க பதிவேடு. ஒரே இடமாற்றத்தில் யார் என்பதும் எங்கிருந்து வந்தார் என்பதும் தெரிந்துவிடுகிறது. எக்ஸ்86-இலும் ஜிஎஸ்ஸை மாற்றும் தனிக் கட்டளை உண்டு. வெளியிலிருந்து வந்தால் அதை இயக்க வேண்டும், உள்ளிருந்து வந்தால் தாண்டிப் போக வேண்டும். பிராசசர் முன்கூட்டி ஊகித்து ஓடும்போது இந்தப் பிரிவில் தவறாகப் போவதைப் பயன்படுத்தி இரகசியங்களைக் கசியவிட முடியும் என்று 2019 ஆகஸ்டில் பிட்டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். இயங்குதளங்களைத் திருத்த வேண்டி வந்தது. வந்தவர் யார் என்று தீர்மானிக்கும் வாசற்படி எவ்வளவு குறுகியதாக இருந்தாலும், அதிலும் தடுமாற இடமுண்டு.

யார் என்ற விடை எவ்வளவு உறுதியானது என்று சொன்னேனோ, அதற்கு ஓர் எல்லையையும் சொல்லியாக வேண்டும். வலைத்தொடர்பிலிருந்து ஒரு தகவல் பொட்டலம் வந்து குறுக்கீடு எழும்போது, கெர்னல் “ஓடுபவர் யார்” என்று பார்த்தால் கிடைப்பது, அந்த நொடியில் தற்செயலாக ஓடிக்கொண்டிருந்தவரின் பெயர். பொட்டலம் அவருக்கு வந்ததாக இருக்க வேண்டியதில்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அனுமதி பார்த்தால், சான் சோ லின்னில் இறங்கும் கூட்டத்தில் அருகே நின்றவரிடம் மற்றவருடைய பையைக் கொடுத்தது போல ஆகும். அதனால்தான் குறுக்கீட்டு வேலைகளில் ஓடுபவரின் பெயரைக் கொண்டு யாருக்கும் உரிமை வழங்கக் கூடாது என்ற ஒழுங்கைக் கெர்னல் எழுதுபவர்கள் கடைப்பிடிக்கிறார்கள். யார் ஓடுகிறார் என்பதை டிபி சொல்லிவிடும். யாருக்காக ஓடுகிறோம் என்பதை நிரலை எழுதுபவர்தான் சொல்ல வேண்டும். தண்டவாளம் பொது, நடைமேடை பொது, நினைவகமும் பொது. இத்தனை பொதுவுக்கு நடுவே வங்கிச் செயலியின் கோப்பு வங்கிச் செயலிக்கே உரியதாக நிற்பது, ஓர் இழை தன் பெயரைத் தன்னோடு சுமந்துகொண்டே கோர் விட்டுக் கோர் போவதால்தான்.